வடகடல் கண்ணித்தடுப்பை 1919இல் அகற்றிய அமெரிக்கக் கடற்படைப் பிரிவு: பணி உண்மையில் முடிந்ததா?

வெண்மணல் எழுதியது:

முதல் உலகப் போரின் கடற்பகுதி என்றால் ஜட்லண்ட் சண்டையையும் ஜெர்மன் நீர்மூழ்கிகளையும் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். 1918 நவம்பர் 11 அன்று பீரங்கிகள் ஓய்ந்த பிறகு வடகடலில் நடந்ததைப் பற்றி இக்குழுவில் இதுவரை எவரும் எழுதவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் தொடங்கி நார்வே கரையை எட்டும் வரை, ஏறத்தாழ 230 மைல் நீளத்துக்கு, 1918 ஜூன் முதல் அக்டோபர் இறுதி வரை அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடற்கண்ணிகளை (நீருக்கடியில் நங்கூரமிட்டு வைக்கும் வெடிகளை) இட்டன. அட்லாண்டிக்குக்குச் செல்லும் ஜெர்மன் நீர்மூழ்கிகளை வடக்கு வழியில் அடைப்பதே நோக்கம். அவற்றுள் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அமெரிக்கர்கள் இட்டவை. கடைசிக் கண்ணி நீரில் இறங்கிய சில நாள்களில் போர் முடிந்துவிட்டது. பிறகு அவற்றை யார் எடுப்பது, எப்படி எடுப்பது என்னும் கேள்விகள் எழுந்தன. ரியர் அட்மிரல் ஜோசஃப் ஸ்ட்ராஸ் தலைமையில் ஆர்க்னியின் கிர்க்வால் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட ஒரு கண்ணிவாரிப் பிரிவு (கண்ணிகளை வாரி அகற்றும் கப்பல்களின் பிரிவு), 1919 ஏப்ரல் 29 அன்று முதல் சுற்றைத் தொடங்கி, செப்டம்பர் 30 அன்று பணி முடிந்ததாக அறிவித்தது. இரண்டு அதிகாரிகளும் ஒன்பது மாலுமிகளும் அதில் உயிரிழந்தார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இட்ட கண்ணிகளுள் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு மட்டுமே கணக்குக் காட்டப்பட்டது என்று எல்லா வரலாறுகளிலும் இருக்கிறது. அப்படியிருக்க, பணி முடிந்தது என்று எந்த அடிப்படையில் சொன்னார்கள்? மேலும், ஒரே பருவத்தில் இத்தனை ஆயிரம் கண்ணிகளை இடத் தெரிந்தவர்கள், அவற்றைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்பதை இடும்போதே ஏன் எண்ணிப் பார்க்கவில்லை?

கலாதரன் எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கண்ணியின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் 1919இல் அவர்கள் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

அதற்கு முன்பிருந்த கடற்கண்ணிகளில் கொம்புபோன்ற முனைகள் இருந்தன. கப்பலின் உடல் நேராக அந்தக் கொம்பில் மோதினால்தான் கண்ணி வெடிக்கும். பல நூறு அடி ஆழமுள்ள வடகடலில், எந்த ஆழத்திலும் வரக்கூடிய நீர்மூழ்கியைத் தடுக்க அவ்வகைக் கண்ணிகளைப் போட்டால் லட்சக்கணக்கில் தேவைப்பட்டிருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரைச் சேர்ந்த ரால்ஃப் பிரௌன் என்னும் மின்வல்லுநர் 1917இல் முன்வைத்த ஓர் அமைப்பு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. கண்ணியிலிருந்து மேல்நோக்கி நீண்ட செப்புக் கம்பி ஒன்று, சிறு மிதவையால் நிமிர்ந்து நிற்கும். கண்ணியின் மேல் பொருத்திய செப்புத் தகட்டுக்கும் அந்தக் கம்பிக்கும் இடையே ஒரு நுண்ணிய ரிலே (சிறு மின்னோட்டத்தால் அசைந்து வேறொரு மின்சுற்றை இணைக்கும் கருவி) இருக்கும். இரு முனைகளும் செம்பாக இருக்கும்வரை மின்னோட்டம் எதுவும் எழாது. எஃகு உடலுள்ள கப்பல் அந்தக் கம்பியைத் தொட்டவுடன், செம்பும் எஃகும் உப்பு நீரும் சேர்ந்து ஒரு பேட்டரியாகிவிடும். அந்தச் சிறு மின்னோட்டம் ரிலேயை அசைக்க, உள்ளே இருக்கும் உண்மையான பேட்டரி, வெடியைத் தூண்டும் டெட்டனேட்டருக்கு மின்சாரம் அனுப்பிவிடும். மார்க் 6 என்று பெயரிடப்பட்ட அந்தக் கண்ணியில் 300 பவுண்டு டிஎன்டி வெடிமருந்து இருந்தது. ஏறக்குறைய 80, 160, 240 அடி ஆழங்களில் மூன்று அடுக்குகளாக, ஒன்றுக்கொன்று 300 அடி இடைவெளியில் அவற்றை இட்டார்கள்.

இனி இதை அகற்றப் போகிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். வாரச் செல்லும் கப்பல் எஃகு. அது இழுத்துச் செல்லும் வடமும் எஃகு. கண்ணியின் நங்கூரக் கம்பியை வடம் அறுப்பதற்கு முன்பே செப்புக் கம்பியில் உரசினால் போதும், கண்ணி வெடித்து வடத்தையும் துண்டித்துவிடும். கப்பலே கம்பியில் உரசினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நீர்மூழ்கியைப் பிடிப்பதற்காக எந்தப் பண்பை விரும்பிச் சேர்த்தார்களோ, அதுவே வாரும் கப்பலையும் பிடிக்கும். என் கணிப்பில், அகற்றுவதைப் பற்றி அவர்கள் மறந்துவிடவில்லை. வேண்டுமென்றே அந்தக் கவலையைத் தள்ளிப்போட்டார்கள்.

பூம்புகார்ச்செல்வி எழுதியது:

செம்பும் எஃகும் சேர்வதுதான் சிக்கல் என்றால், மரத்தாலான கப்பல்களைக் கொண்டே முழுப் பணியையும் முடித்திருக்கலாமே? அந்தக் காலத்தில் வடகடல் முழுவதும் மரத்தாலான மீன்பிடிப் படகுகள் இருந்தனவே?

கலாதரன் எழுதியது:

அதையேதான் முதலில் செய்து பார்த்தார்கள். போர் நின்ற சில வாரங்களிலேயே, 1918 டிசம்பரில், ரெட் ரோஸ், ரெட் ஃபெர்ன் என்னும் இரண்டு பாய்மர மீன்பிடிக் கலங்களை வாடகைக்கு எடுத்து, மாலுமிகளை ஏற்றி, நடுக்குளிர்காலத்தில் கண்ணித்தடுப்பின் மேல் அனுப்பினார்கள். கண்ணிகள் இன்னும் உயிருடன் இருக்கின்றனவா, வடம் உரசினால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே அந்தச் சோதனையின் நோக்கம். கண்ணிகள் வெடித்தன, கலங்கள் தப்பின. ஆனால் பாயை நம்பிச் செல்லும் சிறு கலத்தால் ஆழத்தில் கனமான எஃகு வடத்தைச் சீராக இழுக்க இயலாது. காற்று விட்டால் அது கண்ணிகளின் நடுவே அப்படியே நிற்க வேண்டியதுதான். போதிய இழுவைத்திறனுள்ள மரக்கப்பல்கள் வேண்டிய எண்ணிக்கையில் எங்கும் இல்லை. அமெரிக்கக் கடற்படை 1917 முதல் கட்டத் தொடங்கியிருந்த புதிய கண்ணிவாரிக் கப்பல்கள், தேவைப்பட்டால் இழுவைக்கப்பல்களாகவும் பயன்படும் வகையில் அமைந்த 187 அடி நீள எஃகுக் கலங்கள்.

ஆகவே எஃகுக் கப்பலை அந்தக் கண்ணியின் கண்ணுக்குத் தெரியாததாக ஆக்க வேண்டியிருந்தது. அதற்கு வழி கண்டவர் டட்லி நிக்கல்ஸ் என்னும் இளநிலை அதிகாரி. கப்பலில் உள்ள ஜெனரேட்டரிலிருந்து, உடலுக்கும் பின்னால் நீரில் இழுபடும் ஒரு மின்வாய்க்கும் இடையே கடல்நீர் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தினால், எஃகு உடல் செப்புக் கம்பியைத் தொடும்போது எழ வேண்டிய மின்னழுத்தத்தை ஈடுகட்டிவிடலாம்; ரிலே அசையாது. இன்றைய மாணவர்களுக்கு இது எளிதாகத் தோன்றலாம். ஆனால் நீரின் உப்புத்தன்மை, கப்பலின் அளவு, உடலின் எந்தப் பகுதி கம்பியில் படுகிறது என்பவை எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் ஓரிடத்தில், கணக்குத் தவறினால் 300 பவுண்டு வெடிமருந்து பதில் சொல்லும் என்ற நிலையில், அதை நம்பி ஒரு கப்பலை உள்ளே அனுப்புவது எளிதன்று. பட்டாப்ஸ்கோ, பட்டக்ஸென்ட் என்னும் இரண்டு இழுவைக்கப்பல்கள் இந்தக் கருவியுடன் 1919 மார்ச்சில் சோதனைக்குச் சென்றன. அவை திரும்பிய பிறகுதான் மற்றக் கப்பல்களில் அதைப் பொருத்தினார்கள்.

இடையே ஒரு செய்தி. இதே நிக்கல்ஸ்தான் பின்னாளில் ஹாலிவுட்டில் பெயர்பெற்ற திரைக்கதையாசிரியர் ஆனார். எழுத்தாளர் சங்கத்துக்கும் அகாதமிக்கும் இருந்த பிணக்கின் காரணமாக 1936இல் தமக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதை ஏற்க மறுத்தவரும் அவர்தான்.

பழைய நங்கூரம் எழுதியது:

கலாதரன் அவர்கள் மின்சாரப் பக்கத்தை நன்றாக விளக்கிவிட்டார். மேல்தளத்தில் நடந்ததை நான் எழுதுகிறேன். வணிகக் கப்பல்களில் பொறியாளராகப் பணிபுரிந்தவன் என்ற முறையில், பாரம் ஏறிய வடம் ஒன்றைப் பின்தளத்தில் சுற்றி எடுக்கும்போது மனிதர்கள் எங்கே நிற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

நம் கடற்கரையில் இரட்டைமடி (இரு படகுகள் சேர்ந்து இழுக்கும் வலை) இழுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. இரண்டு கண்ணிவாரிகள் சில நூறு கஜம் இடைவெளியில் இணையாகச் செல்லும். இரண்டுக்கும் நடுவே எஃகு வடம். வடம் மேலே மிதக்காமல் குறிப்பிட்ட ஆழத்தில் நிற்பதற்காக ஒவ்வொரு கப்பலின் பின்னாலும் 'கைட்' எனப்பட்ட கனமான சட்டம் ஒன்றை இறக்குவார்கள். கப்பல் முன்னேறும்போது நீரின் விசை அதைக் கீழ்நோக்கி அழுத்தும். வடம் கண்ணியின் நங்கூரக் கம்பியை அறுத்தால் கண்ணி மேலே வந்து மிதக்கும். பின்தொடரும் 110 அடி நீள மரத்தாலான நீர்மூழ்கி வேட்டைப் படகுகளில் உள்ளவர்கள் துப்பாக்கியால் சுட்டு அதை மூழ்கடிப்பார்கள். ஜோடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் விலகிச் செல்வதால், முதல் ஜோடி மட்டுமே வாரப்படாத நீரில் செல்லும். பின்னால் வருபவை, முன்னவை வாரிய பட்டையின் ஓரத்தில் கால் பதித்துச் செல்லும். வாரிய எல்லையைக் காட்ட மிதவைகளை நட்டுக்கொண்டே போவார்கள். நார்வேப் பக்கம் ஆயிரம் அடியை நெருங்கும் ஆழத்தில் அந்த மிதவைகளை நிறுத்துவதே தனிப் பாடு.

இம்முறையில் மிகக் கொடிய நேரம், வாரும் நேரமன்று. வடத்தை மீண்டும் உள்ளிழுக்கும் நேரம்தான். கண்ணி ஒன்று வெடிக்காமல் கைட்டில் சிக்கிக்கொண்டால், வின்ச் சுற்றச் சுற்ற அது கப்பலின் பின்புறத்தை நோக்கி வந்துகொண்டே இருக்கும். நீருக்கு மேலே தலை காட்டும் வரை அது அங்கே இருப்பது எவருக்கும் தெரியாது. வடத்தை வெட்டிவிட்டால் கைட்டும் நூற்றுக்கணக்கான அடி வடமும் போய்விடும். வெட்டாமல் பிரிக்க முயன்றால் என்ன நடக்கும் என்பதற்கு 1919 மே மாதம் பாபோலிங்க் கப்பலுக்கு நேர்ந்தது சான்று: வடத்தில் சிக்கிய கண்ணி பின்புறத்துக்கு அருகில் வெடித்து, கப்பல் பெரும் சேதமடைந்தது, அதன் தளபதி லெப்டினன்ட் ஃபிராங்க் புரூஸ் உயிரிழந்தார். ஜூலை 12 அன்று ரிச்சர்ட் பல்க்லி என்னும் டிராலரிலும் (இழுவலை மீன்பிடிக் கப்பல் வகைக் கலத்திலும்) அதே வகையில் கைட்டில் சிக்கிய கண்ணி வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. தம் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்த கமாண்டர் ஃபிராங்க் கிங் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பதினொருவரில் ஏழு பேர் அந்த ஒரே நிகழ்ச்சியில் போனவர்கள்.

புரூஸ், கிங் என்னும் இருவர் பெயரிலும் பின்னர் ஆளுக்கொரு டெஸ்ட்ராயர் போர்க்கப்பல் கட்டப்பட்டது. கடற்படைகள் தம் ஆட்களை நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கமான முறை அதுதான்; ஆனால் இறந்த மற்ற ஒன்பது பேருக்கு அப்படி எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பூம்புகார்ச்செல்வி எழுதியது:

நங்கூரம் ஐயா, ரிச்சர்ட் பல்க்லி என்பது அமெரிக்கப் பெயராகத் தெரியவில்லையே?

பழைய நங்கூரம் எழுதியது:

சரியாகக் கவனித்தீர்கள் அம்மா. அது பிரிட்டிஷ் கப்பல். கண்ணிவாரிகள் போதாமல், பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து 20 டிராலர்களைக் கடனாகப் பெற்று அமெரிக்க மாலுமிகளை அவற்றில் ஏற்றினார் ஸ்ட்ராஸ். போர்க்காலத்தில் பிரிட்டன் நூற்றுக்கணக்கில் டிராலர்களைக் கட்டியபோது பெயர்களுக்குப் பஞ்சம் வந்து, 1805 டிராஃபல்கர் சண்டையில் விக்டரி, ராயல் சாவரின் கப்பல்களில் இருந்தவர்களின் பெயர்ப் பதிவேட்டிலிருந்து எடுத்து வைத்தார்கள். ரிச்சர்ட் பல்க்லி என்பவர் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலில் மிட்ஷிப்மேனாக (பயிற்சி அதிகாரியாக) இருந்தவர். அமெரிக்கர்களின் சொந்தக் கண்ணிவாரிகளுக்கோ எல்லாம் பறவைப் பெயர்கள்: லாப்விங், ஹெரான், ஆரியோல், டர்க்கி, பெலிகன், ராபின். பருவம் உச்சத்தில் இருந்தபோது 34 கண்ணிவாரிகள், டிராலர்கள், 18 வேட்டைப் படகுகள், இழுவைக்கப்பல்கள், பிளாக் ஹாக் என்னும் கொடிக்கப்பல் (தலைவரின் கப்பல்) என்று ஏறக்குறைய 80 கலங்கள் அந்தப் பிரிவில் இருந்தன.

சாலியூர்க் கிழான் எழுதியது:

சட்டப் பக்கத்தை எவரும் தொடவில்லை. 1907ஆம் ஆண்டின் ஹேக் மாநாட்டில் கடற்கண்ணிகளுக்கென்றே தனி ஒப்பந்தம் ஒன்று உருவானது. அதன் ஐந்தாவது பிரிவின்படி, போர் முடிந்தவுடன் தாம் இட்ட கண்ணிகளை அகற்றத் தம்மால் இயன்ற அனைத்தையும் ஒவ்வொரு நாடும் செய்ய வேண்டும். அவரவர் இட்டதை அவரவரே எடுக்க வேண்டும். அமெரிக்கப் படைகள் ஐரோப்பாவிலிருந்து விரைந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஒரு பிரிவு மட்டும் ஆர்க்னிக்கு எதிர்த்திசையில் அனுப்பப்பட்டதற்கு இதுவே அடிப்படை.

அதே ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, நங்கூரமிட்ட கண்ணி தன் பிணைப்பிலிருந்து அறுந்தவுடன் தீங்கற்றதாகிவிட வேண்டும் என்கிறது. மார்க் 6 கண்ணியில் நீரழுத்தத்தால் இயங்கும் ஒரு விசை இருந்தது. கண்ணி மேற்பரப்பை நெருங்கினால் மின்சுற்று துண்டிக்கப்படும். ஆகவே வெண்மணல் அவர்களின் இரண்டாவது கேள்விக்கு என் பதில் கலாதரன் அவர்களின் பதிலிலிருந்து சற்றே வேறுபடுகிறது. வடிவமைத்தவர்கள் பின்விளைவை முழுவதும் தள்ளிப்போடவில்லை. அறுந்து மிதக்கும் கண்ணியைப் பற்றிச் சட்டம் தெளிவாகப் பேசியது; அதற்கு ஏற்பாடு செய்தார்கள். நங்கூரத்தில் நிற்கும் கண்ணியை எப்படி எடுப்பது என்பதைப் பற்றிச் சட்டம் "இயன்றதைச் செய்க" என்ற அளவில் நின்றுவிட்டது. அவர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

கலாதரன் எழுதியது:

அந்த நீரழுத்த விசையை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். மிதக்கும் கண்ணிகளைப் படகில் ஏற்றாமல் தொலைவிலிருந்து சுட்டு மூழ்கடித்ததே, அந்த மாலுமிகள் அதை எவ்வளவு நம்பினார்கள் என்பதைக் காட்டுகிறது.

ஐயமுடையான் எழுதியது:

எல்லோரும் வீரத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். அடிப்படைக் கேள்வியை நான் கேட்கிறேன். இந்தத் தடுப்பு எத்தனை நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது? நான்கு என்கிறார்கள், ஆறு என்கிறார்கள், தாராளமாகக் கணக்கிடுபவர்கள் எட்டு என்கிறார்கள். 70 ஆயிரம் கண்ணிகளுக்கு இவ்வளவுதான் பலன். அதற்குப் பிறகு, போர் முடிந்த அமைதிக்காலத்தில், பதினொரு பேரின் உயிர். தன் கையால் உண்டாக்கிய ஆபத்தைத் தானே நீக்கியதற்கு ஒரு கடற்படை ஏன் பாராட்டப்பட வேண்டும்?

வெண்மணல் எழுதியது:

ஐயமுடையான் அவர்களே, தடுப்பின் பலனைப் பற்றிய விவாதம் வேறு. அதை அகற்றியவர்களின் பணி வேறு. கிர்க்வாலில் இருந்த மாலுமிகள் தடுப்பை அமைக்க முடிவெடுத்தவர்கள் அல்லர். அவர்களுள் பலர் போர்க்காலத்துக்கு மட்டும் சேர்ந்தவர்கள். தோழர்கள் வீடு திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்தபோது இவர்கள் ஆர்க்னியில் இருந்தார்கள். அந்த அட்சரேகையில் கோடைக்காலப் பகல் மிக நீண்டது. வெளிச்சம் இருக்கும்வரை வாரலாம் என்பதால் விடிவதற்கு முன்பே எழுந்து இரவு பத்து மணிவரை தளத்தில் நின்றார்கள். குளிர்காலப் புயல்கள் திரும்புவதற்குள் முடிக்காவிட்டால் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டும் என்பதால் இந்த அவசரம் அவர்களின் பாதுகாப்பைக் குறைத்தது என்பதையும் மறுக்க முடியாது.

தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூன் 21 அன்று, கிர்க்வாலிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள ஸ்காப்பா ஃப்ளோவில், காவலில் இருந்த ஜெர்மன் கப்பற்படை தன்னைத் தானே மூழ்கடித்துக்கொண்டது. ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. ரிச்சர்ட் பல்க்லி மூழ்கியது அதற்கு இரண்டு வாரங்களுக்குப் பிறகு. செய்தித்தாள்களின் கண்ணில் போர் முடிந்துவிட்டது. ஆகவே அதற்குப் பிந்திய சாவுகளுக்கு அங்கே இடம் குறைந்துபோனது. பாராட்டுவது பற்றிக் கேட்டீர்கள். நான் கேட்பது பாராட்டு அன்று, பதிவு.

ஐயமுடையான் எழுதியது:

பதிவு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் முடிவெடுத்தவர்களையும் வாரியவர்களையும் முழுவதும் பிரித்துவிட முடியாது. ஸ்ட்ராஸ் 1918இலேயே அமெரிக்கக் கண்ணிப் படையின் தலைவராக இருந்தவர். இட்டவரும் அவர், எடுத்தவரும் அவர்.

மட்டுறுத்துநர்:

1945க்குப் பிறகு ஜெர்மன் மாலுமிகளைக் கொண்டே பிரிட்டிஷ் மேற்பார்வையில் கண்ணிகள் அகற்றப்பட்டதைப் பற்றி இங்கே இடப்பட்ட இரண்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இந்த இழை 1919ஆம் ஆண்டின் வடகடலைப் பற்றியதாகவே தொடரட்டும்.

சாலியூர்க் கிழான் எழுதியது:

ஸ்ட்ராஸ் பற்றி ஐயமுடையான் அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. எந்த வரிசை எங்கே, எந்த ஆழத்தில், எந்த நாளில் இடப்பட்டது என்னும் பதிவுகள் முழுவதும் அவருடைய அலுவலகத்திலேயே இருந்தன. வேறு எவரிடமாவது இப்பணியைக் கொடுத்திருந்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன். பிரிட்டனும் தன் பகுதிக் கண்ணிகளைத் தானே வாரியது; அதற்கெனத் தன்னார்வலர்களைச் சேர்த்து, கூடுதல் ஊதியம் கொடுத்து, 1919இல் தனிக் கண்ணியகற்றும் பணிப்பிரிவையே அமைத்தது.

வெண்மணல் அவர்களின் முதல் கேள்வி இன்னும் பதிலின்றி நிற்கிறது. அந்த 40 சதவீதத்தை எப்படி விளக்குவது?

கலாதரன் எழுதியது:

அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வாரும்போது வெடித்தவை, அறுபட்டு மேலே வந்து சுடப்பட்டவை ஆகியவற்றை எண்ணி அமெரிக்கர்கள் கண்ட தொகை 21 ஆயிரத்துக்குச் சற்று மேல். இட்டதோ 56 ஆயிரத்துக்கும் மேல். இடைவெளி பெரிதுதான். ஆனால் அந்த இடைவெளியில் உள்ள கண்ணிகள் எல்லாம் 1919 அக்டோபரில் கடலில் காத்துக்கொண்டிருந்தன என்று எண்ணுவது தவறு.

இடும்போதே ஆயிரக்கணக்கானவை தாமாக வெடித்தன. அவசரமாகத் தயாரித்த ரிலேக்கள் அவ்வளவு நுண்ணியவை. கண்ணியிட்ட கப்பல்கள் நகர்ந்து சென்ற பிறகு பின்னால் வெடியோசை கேட்டுக்கொண்டே இருந்ததாக அந்நாளைய பதிவுகள் சொல்கின்றன. ஒரு கண்ணி வெடித்தால் அதன் அதிர்ச்சியில் பக்கத்துக் கண்ணிகளும் வெடிப்பதுண்டு. வாரும்போது ஒரு வெடிப்பாக எண்ணப்பட்டதில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கலாம். 1918-19 குளிர்காலப் புயல்களில் நங்கூரக் கம்பிகள் அறுந்து பல கண்ணிகள் நார்வே கரையில் ஒதுங்கின. உறையில் நீர் புகுந்து அடியில் மூழ்கியவையும் இருந்தன. இவை ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே 40 என்பது எடுத்த அளவைக் காட்டும் எண்ணே ஒழிய, எஞ்சிய அளவைக் காட்டும் எண் அன்று.

பழைய நங்கூரம் எழுதியது:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியை ஒருமுறை வாரிவிட்டு அவர்கள் நகர்ந்துவிடவில்லை. ஏப்ரல் இறுதியில் நடந்த முதல் சுற்றில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் அகப்பட்டன. அதிலிருந்து கற்றுக்கொண்டு, வடத்தின் வகையையும் வாரும் திசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கண்ணிக் கம்பியை விரைவாக அறுப்பதற்காக, முறுக்கில் பல்போன்ற கரடுமுரடு வைத்த வடங்களைப் பயன்படுத்தினார்கள். வாரிய இடத்தின் மேல் மீண்டும் ஒருமுறை சென்று சரிபார்த்தார்கள். இரண்டாம் முறை செல்லும்போது வெடிப்பு எதுவும் இல்லையென்றால், அந்த ஆழத்தில் அந்த வடம் எட்டிய அளவுக்குக் கண்ணி இல்லை என்று கொள்வதே கண்ணிவாரும் தொழிலின் நடைமுறை. அன்றும் அப்படித்தான், எனக்குத் தெரிந்தவரை பின்னாள்களிலும் அப்படித்தான். அறிக்கையில் முடிந்தது என்று எழுதியதன் பொருள் அவ்வளவே.

ஆனால் கப்பல் நிறுவனத்தார் அந்தச் சொல்லைப் படித்த விதம் வேறு. பாதை திறந்துவிட்டது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாதை திறந்துதான் இருந்தது. மீனவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களுடைய வலை அடிமட்டத்தைத் தொடும். மூழ்கிக் கிடந்த கண்ணிகள் பின்னரும் வலைகளில் சிக்கின. மேலே செல்பவருக்கு முடிந்த பணி, அடியைத் தொடுபவருக்கு முடியவில்லை.

வெண்மணல் எழுதியது:

இது எனக்குப் போதுமான விடை. ஐயாவின் கடைசி வரியில் உள்ள வேறுபாட்டை எந்தப் பொது வரலாறும் எடுத்துச் சொன்னதாக நினைவில்லை.

பூம்புகார்ச்செல்வி எழுதியது:

அந்தப் பிரிவு பிறகு என்ன ஆனது? பறவைப் பெயர் கொண்ட கப்பல்களும் கலைக்கப்பட்டனவா?

சாலியூர்க் கிழான் எழுதியது:

கலங்கள் இலையுதிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பின. நவம்பரில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் கடற்படைச் செயலர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் அவற்றைப் பார்வையிட்டார். போரின் வெற்றிப் பதக்கத்தில் பொருத்திக்கொள்ளக் கண்ணிவாரும் பணிக்கென்று தனிப் பட்டை ஒன்றும் வழங்கப்பட்டது; சண்டை நின்ற பிறகு செய்த பணிக்குப் போர்ப் பதக்கத்தில் இடம் கிடைத்தது அரிதான செய்தி. பிரிவு கலைக்கப்பட்டது, கப்பல்கள் இழுவை, மீட்பு, நீர்மூழ்கி உதவிப் பணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

அவற்றுள் குவெயில், டானேஜர் போன்றவை 1942இல் பிலிப்பைன்ஸில் இருந்தன. கொரிஹிடோர் தீவு ஜப்பானியரிடம் வீழும் தறுவாயில் டானேஜர் மூழ்கியது. குவெயில் கப்பலைத் தாமே மூழ்கடித்துவிட்டு, அதன் தளபதி ஜான் மாரில் தலைமையில் 18 பேர் 36 அடி நீளப் படகு ஒன்றில் ஏறி, ஏறத்தாழ 2,000 மைல் கடந்து ஆஸ்திரேலியாவின் டார்வினை அடைந்தார்கள். அந்தக் கப்பல் கிர்க்வாலில் இருந்தது என்பதை இந்தச் சாகசத்தை எழுதுபவர்கள் சொல்வதில்லை.

ஐயமுடையான் எழுதியது:

கப்பல்களின் கதை சரி. கண்ணியின் கதை என்ன ஆனது? அகற்ற இவ்வளவு கடினம் என்று ஐந்து மாதங்களில் உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டார்களே, அந்தப் பாடம் அடுத்த கண்ணியின் வடிவமைப்பில் ஏறியதா?

கலாதரன் எழுதியது:

ஏறவில்லை. மார்க் 6 கண்ணியையே அமெரிக்கக் கடற்படை கிடங்கில் வைத்திருந்து, இரண்டாம் உலகப் போரிலும் பயன்படுத்தியது. செப்புக் கம்பி அமைப்பும் தொடர்ந்தது. கற்றுக்கொண்டவை வாரும் பக்கத்தில் மட்டுமே எழுதிவைக்கப்பட்டன. இடும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு, எதிரியால் எளிதில் வார முடியாத கண்ணியே நல்ல கண்ணி. அவர்கள் நோக்கில் 1919 ஒரு தோல்வி அன்று, தம் கருவி எவ்வளவு உறுதியானது என்பதற்குக் கிடைத்த சான்று. ஐயமுடையான் அவர்களுக்கு இது உவப்பாக இராது, எனக்கும் இல்லை. ஆனால் எதிரியால் வார முடியாதிருப்பது, பின்னர் தாமே அகற்ற முடிவது என்னும் இந்த இரண்டு தேவைகளும் வடிவமைப்பாளர் மேசையில் இன்றுவரை ஒன்றோடொன்று மோதுகின்றன, அங்கே பெரும்பாலும் வெல்வது முதல் தேவைதான்.

ஐயமுடையான் எழுதியது:

அப்படியானால் என் முதல் பதிவில் சொன்னதில் மாற்றமின்றி நிற்கிறேன். கிர்க்வால் மாலுமிகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர்களை அங்கே அனுப்ப வேண்டிய நிலையை உண்டாக்கிய கணக்கின் மீது இல்லை. பிரிட்டிஷ் பகுதியை வாரியதில் ஏற்பட்ட இழப்புகளைப் பற்றி விரிவாக அறிந்தவர்கள் இருந்தால் இங்கேயே தொடரலாம்.